ஒன்பதாவது வண்டி

என் அக்காவின் கணவர் வண்டி மெக்கானிக். பட்டறை என்று சொல்லிக்கொள்ள இருந்தது வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட ஓர் அறைதான். உள்ளே ஒரு வண்டி நிற்கும், வாசலில் ஒன்று நிற்கும். மூன்றாவது வந்தால் எதிர்வீட்டுக்காரரோடு சண்டை வரும். அந்த அறையில் அவர் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். அதில் கடைசிப் பதினான்கு வருடம் நானும் கூட இருந்தேன். அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்தவள், போ என்று யாரும் சொல்லாததால் தங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவளுக்குப் போய்ச் சேர வேறு இடமும் இல்லை. தலையில் நரை விழுந்த பிறகும் அந்த வீட்டில் என் பெயர் பாப்பாதான்.

அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஆனால் கூப்பிட வேண்டிய சந்தர்ப்பம் குறைவு. எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருப்பார். வெளியே தெரிவது முழங்காலுக்குக் கீழே மட்டும். வருகிறவர்கள் குனிந்து அவருடைய செருப்பிடம்தான் வண்டியின் குறையைச் சொல்வார்கள். செருப்பு ஒருமுறை அசைந்தால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். "இவர் முகத்தை நான் பாத்தது கல்யாண போட்டோலதான்," என்பாள் அக்கா. "அதுக்கப்புறம் குடும்பம் நடத்தினது ரெண்டு காலோட."

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஸ்டியரிங் வேலை. நாம் கையில் பிடித்துத் திருப்புகிற வட்டத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் நடுவே நாலைந்து கம்பிகளும் இரும்புக் கைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு குண்டு, ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் ஓடி ஓடிக் கிண்ணம் தேயும். ஒரு நூல் இடைவெளி விழும். அதைப் ப்ளே என்பார்கள். ஒரு மூட்டில் விழுந்த ஒரு நூல், சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு விரற்கடை ஆகிவிடும். அப்புறம் வண்டி நேராகப் போகாது. அதிகம் தேய்ந்தால் குண்டு கிண்ணத்தைவிட்டு ஒருநாள் வெளியே வரும். அன்றைக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் ஒன்றுதான், திருப்பாவிட்டாலும் ஒன்றுதான்.

எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்க, ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். மேலே உட்கார்வதுதான் என் வேலை. கீழிருந்து "ஆட்டு" என்பார், ஆட்டுவேன். "போதும்" என்பார், நிறுத்துவேன். பதினான்கு வருடத்தில் அத்தான் என்னோடு பேசியதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சொற்கள்தான். எத்தனையோ வண்டிகளின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைக்கூட ஓர் அடி நகர்த்தத் தெரியாது.

ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று மட்டும் பழகிவிட்டது. தேய்ந்த வண்டியில் ஸ்டியரிங் திரும்பும், கொஞ்சதூரம் அதில் கனமே இருக்காது, அப்புறம்தான் சக்கரம் பிடிக்கும். அந்தக் காலி இடம் உள்ளங்கைக்குத் தெரியும். எந்த மூட்டில் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறதா, இல்லையா என்பது தெரியும். அத்தான் மூட்டை மாற்றிவிட்டு மறுபடி ஆட்டச் சொல்லும்போது அந்தக் காலி இடம் போயிருக்கும். ஒருமுறைகூட அவர் தவறியதில்லை.

தேயாத எதையும் அவர் மாற்றமாட்டார். புது மூட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவரிடம், "இது இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க" என்பார். உதிரிபாகக் கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. உங்களைப்போல ஊருக்கு நாலு மெக்கானிக் இருந்தால் நான் கடையை மூடிவிட்டு உங்களிடமே வேலைக்கு வந்துவிடவேண்டியதுதான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்கறி வண்டி வந்தது. "ஆட்டு" என்றார், ஆட்டினேன். "போதும்" வரவில்லை. "இன்னொரு தடவை" என்றார். அப்புறம் இன்னொரு தடவை. அதுவரை அவர் இரண்டாவது முறை கேட்டதே கிடையாது. எனக்கு அது காலில் தைத்த முள் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன்.

நட்டு கழன்று வராமல் இருக்க அதன் குறுக்கே மெல்லிய பின் ஒன்று சொருகுவார்கள். அது அவர் விரலிலிருந்து நழுவி விழுந்துகொண்டே இருந்தது. கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் விரலை நட்டிடம் கொண்டுபோவார். ஒருநாள் சூடான சைலன்சர் மேல் கையை ஊன்றிக்கொண்டு எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கருகின வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. கையைப் பார்த்துக்கொண்டார், ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல. இரண்டு விரலில் வெள்ளையாகக் கொப்புளம். சிரித்துவிட்டு மறுபடி அடியில் போய்விட்டார். அக்கா துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வரும் டீ டம்ளரை அவர் வெறுங்கையால் வாங்கி நிதானமாகக் குடித்தார். "எங்க வீட்டுக்காரர் கை இரும்பு" என்று அக்கா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். நானும் கூடச் சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் அவர் எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தார். எந்த மூட்டு என்று சொல்லமாட்டார். "வயசான வண்டி, மொத்தமா மாத்திட்டா நிம்மதி" என்பார். உதிரிபாகக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து உபசரித்தார். வண்டிக்காரர்கள் சிலர் இவரும் கெட்டுப்போய்விட்டார் என்று நினைத்தார்கள். எனக்கு ஏன் என்று தெரியும். எது கெட்டது என்று தெரியாதவன்தான் எல்லாவற்றையும் மாற்றுவான். மொத்தமும் மாற்றினால் தப்பு வராது என்றுதான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மாற்றச் சாமான் கிடைக்காத மூட்டு ஏதாவது மிஞ்சிய சில வண்டிகளில் அப்புறமும் அந்தக் காலி இடம் என் உள்ளங்கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் முதலில் சொல்லிப் பழக்கமில்லாதவள். அவர் "போதும்" என்றால் கையை எடுத்துவிடுவேன்.

இப்படியே வருடம் திரும்பியது. அப்போது டவர்க்காரர் வண்டியோடு வந்தார். மலை உச்சியில் நிற்கிற போன் டவர்களுக்கு டீசல் பீப்பாயும் பேட்டரியும் ஏற்றிக்கொண்டு போகிறவர். பழைய பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கும் வகை, என் அக்கா மகனைவிட வயதில் மூத்தது. அந்த மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் கிடையாது. "அண்ணே, வண்டி என் பொண்டாட்டி மாதிரி ஆயிடுச்சு," என்று செருப்பிடம் சொன்னார். "நான் ஒரு பக்கம் திருப்பினா அது ஒரு பக்கம் திரும்புது." செருப்பு அசைந்தது.

இரண்டு நாள் வேலை நடந்தது. பின்களைப் பிடுங்கி, நட்டுகளைத் தளர்த்தி, மூட்டு உட்கார்ந்திருக்கும் இரும்புக் கையின் பக்கவாட்டில் இரண்டு சுத்தியலால் மாறி மாறி அடித்தார். நாலைந்து அடியில் மூட்டு தானாகக் கழன்று விழும். கம்பி முனையிலிருந்து பழைய மூட்டை எத்தனை சுற்றில் கழற்றினாரோ, அத்தனை சுற்றில் புதியதை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். அவர் எண்ணிச் சொல்ல, நான் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். இடது பதினேழரை, வலது பதினெட்டு. எல்லாம் மாற்றியாயிற்று, ஒன்றைத் தவிர. ஸ்டியரிங் பெட்டிக்கு எதிர்ப்பக்கத்தில், நடுக்கம்பியின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டு ஒரு கை இருக்கும். ஐட்லர் ஆர்ம் என்பார்கள். அந்தப் பழைய மாடலுக்கு அது கடையில் இல்லை. தேடி வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும் என்று கடைக்காரர் கையை விரித்தார். அத்தான் அடியில் போய் அதைப் பொத்திப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் மதியம் வண்டியைத் தரையில் இறக்கினோம். நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் காலை டவர்க்காரர் மலை ஏற வேண்டும்.

"ஆட்டு" என்றார்.

ஆட்டினேன். காலி இடம் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, வந்தபோது இருந்ததில் பாதி அப்படியே இருந்தது.

"போதும்" என்றார்.

எனக்கு அந்த மலைப்பாதையைப் பார்த்துப் பழக்கமில்லை. ஆனால் அந்த மனிதர் மனைவியைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தானே சிரித்த சிரிப்பு காதில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. மறுபடி "போதும்" என்றார். இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து சொல்வதைவிட எனக்கு அது சுலபமாக இருந்தது.

அவர் வெளியே நகர்ந்து வந்து எழுந்து நின்றார். முகத்தில் கிரீஸ். "காது கேக்கலையா உனக்கு?"

"இன்னும் இருக்கு, அத்தான்."

"எது இருக்கு?"

"ப்ளே."

பதினான்கு வருடத்தில் நான் ஒரு வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னது அதுதான் முதல் முறை. அவருக்குக் கோபம் வந்தது. புதுச் சாமான் எல்லாம் போட்ட வண்டியில் எங்கிருந்து வரும், மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே மறுபடி அடியில் போனார். ஆட்டச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். மறுபடியும் என்றார். நாலாவது தடவைக்கப்புறம் எட்டிப் பார்த்தேன். செருப்பு இரண்டும் அசையாமல் கிடந்தன.

அப்புறம் சொன்னார்: "நீ கீழ வா. நான் மேல உக்காந்துக்கறேன்."

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போனேன். அவர் மேலிருந்து வழி சொன்னார். பெட்டியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்தச் சொன்னார். முதல் மூன்றும் கல் மாதிரி இருந்தன. நாலாவதாக அந்த ஐட்லர் ஆர்மைப் பொத்தினேன். அவர் ஸ்டியரிங்கை ஆட்டினார். அது என் விரல்களுக்குள் துள்ளியது. ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டால் எப்படியிருக்கும், அப்படி. தேடவே வேண்டியிருக்கவில்லை. சின்னக் குழந்தையின் கைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"இதுதான்" என்றேன்.

"எப்படி ஆடுது?"

"மேலயும் கீழயும். ரொம்ப."

மேலே ஸ்டியரிங் நின்றுவிட்டது. நான் வெளியே வந்தபோது அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"காய்கறி வண்டி வந்துச்சே. அப்பலேர்ந்து."

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவர் விரலைப் பற்றி அவருக்கு மட்டும் தெரியாதா என்ன. "எத்தனை வண்டி?" என்றார். நான் விரல் மடக்கிச் சொன்னேன். காய்கறி வண்டி, பள்ளிக்கூட வேன், ரொட்டி வண்டி, தண்ணீர் கேன் வண்டி, கோழி வண்டி, மாட்டு டாக்டரம்மாவின் ஜீப், செங்கல் வண்டி, கண்ணாடிக்கடை வண்டி, அப்புறம் ஒரு சாம்பல் நிற டபுள் கேபின் பிக்கப். ஒன்பது. கை வைத்துப் பார்த்து, போகலாம் என்று அவர் அனுப்பிவைத்த ஒன்பது.

நாலு மணிக்கு டவர்க்காரர் வந்தார். வண்டி தயாரில்லை, சாமான் வரவேண்டும் என்று மட்டும் அத்தான் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் கையை அவர் முன்னால் நீட்டி, விரலில் உணர்ச்சி இல்லை, தேய்ந்ததைத் தேயவில்லை என்று சொல்லிவிட்டேன், பாப்பா கண்டுபிடிக்காவிட்டால் உங்களை அப்படியே அனுப்பியிருப்பேன் என்றார். டவர்க்காரர் சிரித்தார். "விரல்ல இல்லேன்னா என்னண்ணே, ஸ்பானர்ல இருந்தாப் போதாதா." அப்புறம் அத்தான் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

"அப்ப போன மாசம் எனக்கு பிரேக் பாத்தது?"

அத்தான் கையை மடக்கிக்கொண்டார். டவர்க்காரர் ஓர் இழுவை வண்டியைக் கூப்பிட்டு, பிக்கப்பைக் கட்டி, வேறு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நன்றியா, பரிதாபமா என்று தெரியவில்லை.

அத்தான் மேலே வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். மற்ற ஒன்பது பேருக்கும் போன் செய்யப்போவதாகச் சொன்னார். அக்கா முதலில் கையைப் பற்றித்தான் அழுதாள். அப்புறம் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இத்தனை மாதம் ஓடின வண்டிகள் இனிமேலும் ஓடும், நீங்களாகப் போய்க் கிணறு வெட்டி நீங்களே விழவேண்டாம் என்றாள். பெரியவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்றாள். கடைசியில் குரல் இறங்கிப்போய், "உங்க வாயாலயே உங்க கடையைப் பூட்டறீங்க" என்றாள்.

"ஓடிக்கிட்டிருக்குடி," என்றார் அவர். "நிக்கற வண்டியா இருந்தா நான் ஏன் சொல்லப்போறேன்?"

போனில் அவர் விரல் ஓர் எண்ணைத் தொட்டால் பக்கத்து எண் விழுந்தது. அதனால் நான்தான் எண்களைப் போட்டுக் கொடுத்தேன். சாய்ந்தரம் முழுக்க, பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே விஷயத்தைக் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் சொன்னார். காய்கறி வண்டிக்காரர் பாவம், நன்றி சொல்லிவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ரொட்டி வண்டிக்காரர் குடித்துவிட்டுப் பேசுகிறீர்களா என்று கேட்டார். பள்ளிக்கூட வேன்காரர் பேசியது தெருவரைக்கும் கேட்டது. வேனில் வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லித் திட்டினார். அத்தான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை, முழுவதையும் கேட்டார். ஆனால் அவரை அதிகம் நோகடித்தது மாட்டு டாக்டரம்மா சொன்னதுதான். அதைச் சத்தம்போடாமல், மரியாதையாகச் சொன்னார். ஜீப்பை வாங்கிக்கொண்டு போன அன்றே சரியில்லை என்று தெரிந்துவிட்டதாம். வேறு இடத்தில் காட்டிச் சரிசெய்துகொண்டாராம். "உங்ககிட்டச் சொல்ல மனசு வரல. அதான் அப்புறம் நான் வரவேயில்ல." ஏன் அவர் ஜீப்பைக் காணோம் என்று அத்தான் என்னிடமே ஒருமுறை கேட்டிருந்தார்.

எட்டுப் பேருக்குச் சொல்லியாயிற்று. ஒன்பதாவது, அந்தச் சாம்பல் நிறப் பிக்கப்புக்காரர், வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னார். நீங்கள் ஸ்டியரிங் சரிசெய்து கொடுத்ததைச் சொல்லித்தான் நல்ல விலைக்குப் போயிற்று என்றார். வாங்கியது ஒரு தரகர்.

மறுநாள் இரண்டு பேருந்து மாறி அந்தத் தரகரின் இடத்துக்குப் போனோம். பேசுவதற்கு நான் தேவையில்லை, வண்டியை அடையாளம் சொல்லத்தான் கூட்டிப்போனார். வெட்டவெளியில் பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. கண்ணாடியில் சுண்ணாம்பால் வருடம் எழுதியிருந்தது. இடது முன்பக்கம் நசுங்கல், பின்கண்ணாடியில் பறவைப் படம் என்று நான் சொன்னேன். தரகர் ஆட்களிடம் நன்றாகப் பழகக்கூடியவர், எங்களுக்கு நாற்காலி போட்டார். அந்த வண்டி மூன்று மாதத்துக்கு முன்பே போய்விட்டது, கல் ஏற்றுகிற வேலைக்கு என்று யாரோ வாங்கிப்போனார், அவர் கொடுத்த எண் இப்போது வேலை செய்வதில்லை, பெயர்மாற்றம் அவர் பொறுப்பு, செய்தாரோ இல்லையோ தெரியாது என்றார். எங்கே கல் ஏற்றுகிறார் என்று அத்தான் கேட்டார். தரகர் நாலு திசையையும் பார்த்துவிட்டு, "கல்லு எங்கதான் இல்ல" என்றார். வண்டிப் பதிவு அலுவலகத்துக்கும் போனோம். பழைய சொந்தக்காரர் பெயரில்தான் இன்னும் இருந்தது. போலீசில் சொன்னபோது, திருட்டா, விபத்தா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் எழுதி வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். பத்து நாளில் பட்டறைப் பக்கம் ஓர் ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா சொன்னது சரியாகப் போயிற்று. ஆனால் அவள் அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் வீட்டில் கொஞ்சம் காற்று வந்திருக்கும். நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். பத்து வருடமாகக் கவனிக்காமல் விட்ட சர்க்கரை. டாக்டர் நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் ஒவ்வொரு விரல் நுனியிலும் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். அத்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொன்னார்.

நான் வேண்டுமானால் கீழே படுத்துப் பார்க்கிறேன், நீங்கள் மேலே உட்கார்ந்து வழி சொல்லுங்கள் என்று ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நம்பி வண்டி குடுக்க ஆளு வேணுமே, பாப்பா" என்றார். அந்த மாதக் கடைசியில் அறையை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு விட்டார்கள்.

இப்போது அவர் ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறார். விரல்களுக்குத் தாள் பிரிவது தெரியாததால் ஒன்றுக்கு இரண்டாகக் கிழித்துவிடுகிறார் என்று மேலாளர் குறைப்படுகிறார். இன்னொரு குறையும் உண்டு. சாம்பல் நிறப் பிக்கப் எது வந்தாலும் இவர் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு வண்டியின் இடது முன்பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறார். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன. இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள்.

காலையில் அவர் வேலைக்குப் போகும் முன் நான் செய்தித்தாளில் விபத்துச் செய்திகளைப் படித்துக் காட்ட வேண்டும். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பேன், அவர் அவசரப்படுத்த மாட்டார். லாரி, பேருந்து, இருசக்கர வண்டி என்றால் கையை அசைப்பார், அடுத்ததற்குப் போவேன். அக்கா அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

போன வாரம் ஒரு பிக்கப் வந்தது. கல் ஏற்றிப்போன பிக்கப் வாகனம் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது, ஓட்டுநரும் உடன் சென்ற இருவரும் இறந்தார்கள், வாகனம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று தெரிகிறது. நான் முதலில் மனத்துக்குள் படித்தேன். தாண்டிவிடலாம் என்று இருந்தது. அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் நான் விட்ட ஒன்பது வண்டிகள் போதும். சத்தமாகப் படித்தேன்.

"நிறம் போட்டிருக்கா?" என்றார்.

"போடல."

அந்த ஊர்க் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். எதிர்முனையில் இருந்தவர் இறந்தவர்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். "அந்த மாதிரி வண்டி ஒண்ணுக்கு வேலை பாத்தவன் சார். கலர் மட்டும் சொன்னீங்கன்னா போதும்." போனை மூடாமல் அவர் யாரிடமோ கேட்பது எங்களுக்குக் கேட்டது. அப்புறம், வெள்ளை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். "வெள்ளையாம்ல. அப்புறம் என்ன, சாப்பிட வாங்க" என்றாள். அன்றைக்கு அவள் குரலில் எத்தனையோ மாதத்துக்கப்புறம் ஒரு லேசு இருந்தது. அவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, எங்களிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்.

"பழசை வாங்கறவன் முதல்ல பெயிண்ட்தான் அடிப்பான்."

அக்கா தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் செய்தித்தாளை மடித்தேன். அன்று முதல் அவர் வெள்ளைப் பிக்கப்புகளையும் குனிந்து பார்க்கிறார். இந்த ஊரில் ஓடுகிற பிக்கப்புகளில் பாதிக்கு மேல் வெள்ளை.